வீங்கிய கன்னத்தோடு வாங்கிய ‘பி’

மார்னி ஹாஸ்லம் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். முகம், சட்டை, தலைமுடி எல்லாம் அப்புறம். பன்னிரண்டு வயதில் ஒருநாள் என் டிராமில் ஏறியவள், டிக்கெட் வாங்காமல் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, நீங்க ஒரு பக்கமாத்தானே மெல்லுறீங்க?” என்று கேட்டாள்.

“உனக்கு யாருடி சொன்னா?”

“யாரும் சொல்லல. பேசும்போது இந்தப் பக்கம் வாயைத் திறக்கப் பயப்படுறீங்க. கடைவாய்ப் பல்லு உடைஞ்சிருக்கா?”

உடைந்துதான் இருந்தது. என் புருஷனுக்கே தெரியாது. போய் உட்காரு என்று அதட்டி அனுப்பினேன். அன்றைக்கு முழுதும் ‘டிக்கெட் ப்ளீஸ்’ என்று சொல்லும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

நான் லொரெயின். பிளாக்பூலிலிருந்து கடலோரமாக ஃப்ளீட்வுட் வரை ஓடும் டிராமில் கண்டக்டர். மார்னியின் அப்பா க்ரெய்க் அதே வண்டியில் டிரைவர். எதிரெதிர் வீடு வேறு. அதனால் அந்தக் குடும்பத்தில் கெட்டில் கொதிக்கும் சத்தம்கூட எனக்குத் தெரியும். அவர்கள் சொல்லித் தெரிந்ததில்லை. அவர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள். ஹாஸ்லம் வீட்டுக் கூரை பறந்து போனாலும், “இன்னிக்குக் கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடுகிற ஜாதி.

எங்கள் ஊரே கிட்டத்தட்ட அப்படித்தான். பல் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அரசுக் கட்டணத்தில் பல் பார்க்கும் டாக்டரிடம் பேர் பதிவது இங்கே குதிரைக்கொம்பு. தனியாரிடம் போகலாம், பையில் இருந்தால். ஒருமுறை க்ளீவ்லிஸ் பக்கம் ஒரு க்ளினிக்கில் புதிதாகப் பேர் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊரே மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாகப் போய் வரிசையில் நின்றது. பாதி வரிசைக்கு வந்ததும் ஒரு பெண் வெளியே வந்து, “மன்னிக்கணும், நிரம்பிடுச்சு” என்றாள். மீதிப் பேரெல்லாம் “பரவாயில்லை, ரொம்ப நன்றி” என்று சொல்லி நாற்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எதற்கய்யா நன்றி? அங்கே நின்று கத்தியது நான் ஒருத்திதான். அதற்கு என் பக்கத்தில் நின்றவர்கள் என் சார்பில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்த வரிசையிலிருந்து திரும்பி வந்தவர்களில் க்ரெய்க்கும் ஒருவன். மேல் வரிசையில், முன்னால் தெரிகிற பல் ஒன்று அவனைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் உட்கார்ந்து, கருவிப் பெட்டியிலிருந்த குறட்டால் தானே பிடுங்கிவிட்டான். டார்ச் பிடித்தவள் பதின்மூன்று வயது மார்னி. அவன் கத்தவில்லையாம். பல் பாதியில் உடைந்து, இரண்டாவது முறை குறடு போட வேண்டி வந்தபோது, “மன்னிச்சுக்கோ கண்ணு, உனக்குத் தொந்தரவு” என்று அவளிடம் சொன்னானாம். அந்த வார்த்தைதான் அவளை ஆட்டிவிட்டது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். ரத்தத்தைப் பார்த்து அழவில்லை, அந்த மன்னிப்பைக் கேட்டுத்தான் அழுதாளாம். அன்றைக்கு முடிவு செய்தாள், பல் டாக்டருக்குப் படிப்பதென்று.

பல் போனதிலிருந்து க்ரெய்க் சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வான். டிராம் ஓட்டும்போது கைக்கு வேலை இருப்பதால் சிரிப்பதையே விட்டுவிட்டான்.

மார்னி வளர்ந்தாள். சனிக்கிழமைகளில் மீனும் சிப்ஸும் விற்கும் கடையில் வேலை. அங்கேயும் அவளுக்கு அதே கண்தான். யார் மீனின் மொறுமொறு மேல்மாவை உரித்து ஒதுக்குகிறார்கள், யார் மசித்த பட்டாணி மட்டும் வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வில்ஃப் என்று ஒரு கிழவர், முன்பு மீன்பிடிக் கப்பலில் இருந்தவர். வாயில் மொத்தம் மூன்று பல், அதில் இரண்டு ஆடும். அவருக்கு மட்டும் மாவு நனைந்து மெத்தென்று இருக்கிற துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பாள்.

“எனக்கு மட்டும் ஏன்டி ஊறிப்போனதைத் தர்றே? காசு குடுக்கலையா நான்?”

“கடிக்க முடியலேன்னா சொல்லணும் வில்ஃப். நீங்க சொல்ல மாட்டீங்க. அதான் நானே பார்த்துக் குடுக்கிறேன்.”

“நான் ஆட்டுக்கறியே கடிப்பேன்!”

“எப்போ? போன நூற்றாண்டிலயா?”

வில்ஃப் அந்த ஊறிப்போன துண்டை ஒரு துளி விடாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

இனி அந்த ‘பி’ கதைக்கு வருகிறேன். இங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்தின இரண்டு வருடப் படிப்பைத்தான் காலேஜ் என்போம்; அதில் மார்னி எடுத்தது பயாலஜி, கெமிஸ்ட்ரி, கணக்கு. பல் மருத்துவத்துக்கு மூன்று ‘ஏ’ கேட்பார்கள். எங்கள் மாதிரி வசதி குறைந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சில பல்கலைக்கழகங்கள் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, இரண்டு ‘ஏ’யும் ஒரு ‘பி’யும் போதும் என்று சொல்லும். கணக்கில் மார்னி நிஜமாகவே ‘பி’தான், அதை மறைப்பானேன். ஆக பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் ‘ஏ’ ஆக வேண்டும். அதில்தான் எல்லாம் இருந்தது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், பரீட்சை மே, ஜூனில் நடக்கும். விண்ணப்பமோ அதற்கு முந்தின அக்டோபரில் போய்ச் சேர வேண்டும். அதனால் இந்தப் பிள்ளை என்ன வாங்கும் என்று வாத்தியார்கள் முன்கூட்டியே ஊகித்து எழுதி அனுப்புவார்கள். அந்த ஊகத்தைப் பார்த்துத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவதும் கூப்பிடாததும். ஏறுகிற ஆளின் முகத்தைப் பார்த்து அவர் எங்கே இறங்குவார் என்று நானே ஊகித்து டிக்கெட் கொடுத்தால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா? காலேஜில் மட்டும் அது நடக்கிறது.

மார்னிக்கு வந்த ஊகம்: பயாலஜி ஏ, கெமிஸ்ட்ரி பி, கணக்கு பி.

சேதியை அவள் டிராமில் வைத்துத்தான் என்னிடம் சொன்னாள். மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியில் விரலால் ஒரு பல்லை வரைந்துகொண்டே சொன்னாள்.

“கெமிஸ்ட்ரியில பியா? நீ எங்க வீட்டு வினிகர் பாட்டிலைப் பார்த்தே ஒரு மணி நேரம் பாடம் எடுத்தியேடி.”

“ஜூன் மாச மாதிரிப் பரீட்சையில சரியா எழுதல ஆன்ட்டி. அதை வெச்சுத்தான் போட்டிருக்காங்க.”

“ஏன் எழுதல?”

அவள் பல்லுக்கு வேர் வரைந்தாள். ஒன்று, இரண்டு. அப்புறம் மெதுவாக, “அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் பல்லு வலி” என்றாள்.

ஹாஸ்லம் வீட்டில் ‘கொஞ்சம்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தோண்டித் துருவினேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கோத்து, கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பி, முந்தின இரவு முழுக்கத் தூங்காமல், கண்ணே சரியாகத் திறக்காத நிலையில் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அவசரப் பல் டாக்டரிடம் நேரம் கிடைத்ததே பரீட்சை முடிந்த பிறகுதான். உடம்பு சரியில்லை என்று காலேஜில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறொரு நாள் எழுத விட்டிருப்பார்கள். பல் டாக்டராகப் போகிறவள், பல் வலியைச் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“வாயில என்னடி வெச்சிருந்தே, கொழுக்கட்டையா? சொன்னா என்ன?”

“எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கும் ஆன்ட்டி. அம்மா சொல்லுவாங்கல்ல, நம்மள விட மோசமா இருக்கிறவங்க இருக்காங்கன்னு. எதுக்கு ரகளை?”

“இரு, உங்க கெமிஸ்ட்ரி வாத்தியார் நாளைக்கு ஏறுவாருல்ல.”

“ஐயோ, வேணாம்! ஆன்ட்டி, சத்தியமா வேணாம். அவமானமாப் போயிடும்!”

நான் எந்தச் சத்தியமும் செய்து கொடுக்கவில்லை.

மறுநாள் மாலை மிஸ்டர் த்ரெல்ஃபால் வழக்கம்போல் ஏறினார். மெலிந்த மனிதர், குடையைக் கூட யாரையும் நனைத்துவிடாமல் மடக்குகிறவர். நான் நேராக அவர் எதிரில் போய் நின்றேன்.

“சார், மார்னி ஹாஸ்லமுக்குக் கெமிஸ்ட்ரியில பி போட்டீங்களாமே.”

டிராமில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கடலைப் பார்க்கத் திரும்பினார்கள்.

“லொரெயின், மாணவர்களோட மார்க்கைப் பத்தி நான் வெளியில பேசக் கூடாது.”

“நீங்க பேச வேணாம் சார். நான் பேசறேன், நீங்க கேளுங்க.” சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று.

“கன்னம் உப்பியிருந்ததை நான் பார்த்தேன்” என்றார் கடைசியில்.

“பார்த்தீங்களா!”

“பார்த்தேன். மிட்டாய் அதக்கியிருக்கான்னு நெனச்சேன். பரீட்சை ஹால்ல மிட்டாய் கூடாது. பாவம், பயத்துல ஏதோ சாப்பிடறா, கேட்டா சங்கடப்படுவான்னு... கண்டுக்காம விட்டுட்டேன்.”

“ரெண்டு மணி நேரமாக் கரையாத மிட்டாயா சார்?”

“எனக்கும் அது ஒரு மாதிரியாத்தான் இருந்தது” என்று ஒத்துக்கொண்டார். அவளைக் கேட்காமல் விட்டது பெரிய கருணை என்று இத்தனை மாதமாக நினைத்திருக்கிறார் மனிதர். சொல்ல வெட்கப்பட்டவள் ஒரு பக்கம், கேட்கக் கூச்சப்பட்டவர் ஒரு பக்கம். நடுவில் ஒரு ‘பி’ சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடலாம் போலிருந்தது.

அந்த ‘பி’யை இனி மாற்ற முடியாது, காலேஜ் செப்டம்பரிலேயே அதை முடித்துவிட்டது என்றார். ஆனால் விண்ணப்பத்தோடு காலேஜ் அனுப்பும் நற்சான்றில் ஒரு இடம் இருக்கிறதாம். மாணவருக்கு நேர்ந்த கஷ்டம் ஏதாவது மார்க்கைக் கெடுத்திருந்தால் அதில் எழுதலாம். அன்றைக்கு என்ன நடந்தது, அதற்கு முன்பும் பின்பும் வகுப்பில் அவள் எப்படி என்று எழுதினால் படிக்கிறவர்கள் யோசிப்பார்கள். “ஆனா அவ சம்மதம் இல்லாம உடம்பு விஷயத்தை எழுத முடியாது. அவ சரின்னு சொல்லணும்” என்றார்.

அவள் சரி என்று சொல்லவில்லை. அப்பாவைக் கேட்க வேண்டும் என்றாள். அப்பா முடியாது என்றான்.

ஃப்ளீட்வுட் கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்புவதற்குள் எங்களுக்கு ஒரு தேநீர் குடிக்க நேரம் கிடைக்கும். படகுத்துறைப் பக்கமாக நின்று குடிப்போம். அங்கே வைத்துப் பிடித்தேன் க்ரெய்க்கை.

“உனக்கு என்னதான்யா பிரச்சினை? நாலே நாலு வரி.”

“நாலு வரியில என்ன எழுதுவாங்க லொரெயின்? பொண்ணுக்குப் பல்லு அழுகிச்சு, அப்பனுக்கு ஒரு டாக்டர் பிடிக்க வக்கில்லேன்னு எழுதுவாங்க. அதைப் படிக்கிறது யாரு? பூரா பல் டாக்டருங்க.” கையை வாய்க்குக் கொண்டுபோனான். “நான் அன்னிக்கு ராத்திரி பூரா அவசர டாக்டருக்குப் போனைப் போட்டுக் காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், தெரியுமா? லைன்ல பாட்டுப் போட்டுக்கிட்டே இருந்தான். அவ பக்கத்துல கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, ‘பரவாயில்லப்பா, நீங்க தூங்குங்க’ங்கிறா. பதினேழு வயசுப் பொண்ணு என்னைத் தேத்துறா.”

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா?

“காலையில வண்டியை எடுக்கும்போது பிரேக் லேசா இழுக்குதுன்னா என்ன செய்வே?”

“டெப்போவுல சொல்லுவேன்.”

“ஏன், கமுக்கமா ஓட்டிட்டுப் போயேன். சொன்னா டெப்போவுக்கு அவமானம் இல்லையா?”

“அது அவமானம் இல்ல. சொல்லாம ஓட்டினாத்தான் தப்பு. அப்புறம் வண்டி நேரத்துக்குப் போகலேன்னா டிரைவர் சரியில்லேம்பாங்க.”

“ம். உன் பொண்ணையும் இப்போ சரியில்லேன்னுதான் எழுதியிருக்காங்க.”

அவன் மீதித் தேநீரைத் தண்ணீரில் ஊற்றிவிட்டுப் போய் கேபின் கதவைச் சாத்திக்கொண்டான். என் வாய் அதிகமோ என்று எனக்கே பயமாகிவிட்டது. அவன் மனைவி டோனா, முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள், மறுநாள் என்னைப் பார்த்து, “அவரை என்ன சொன்னீங்க? ராத்திரி சாப்பாட்டையே தொடல” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டாளா, சும்மா கேட்டாளா என்று அந்த வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வாரமே ஒரு மாலை, கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். மிஸ்டர் த்ரெல்ஃபாலும் இறங்கிக் குடையை விரித்தார். கேபின் கதவு திறந்தது. க்ரெய்க் இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனான். இருபது வருடமாக அவரை ஏற்றி இறக்குகிறான். ஒரு நாள் பேசியதில்லை.

“சார், சிரமத்துக்கு மன்னிக்கணும்.”

“இல்ல இல்ல, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்.”

“நான் மார்னியோட அப்பா.”

“தெரியும். அன்னிக்கு அவளை நான் கேட்டிருக்கணும். மன்னிக்கணும்.”

“உங்க மேல தப்பில்ல சார். நான்தான் டாக்டரை...”

“சேச்சே, நீங்க என்ன பண்ணுவீங்க, மன்னிக்கணும்...”

இப்படியே விட்டால் அடுத்த வண்டி வந்துவிடும் என்று நான் இருமினேன். க்ரெய்க் வாய்க்குப் போன கையைக் கீழே இறக்கினான். பல் போன இடம் தெரிய, முகத்துக்கு நேராகச் சொன்னான்.

“எழுதுங்க சார். நடந்ததை நடந்தபடி எழுதிடுங்க. அவளுக்கு உதவி வேணும். நான் கேக்கறேன்.”

காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. குடை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மிஸ்டர் த்ரெல்ஃபால் அதைக் கவனிக்காமல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

மார்னியிடம் நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. “அப்பாவா? அப்பாவே போய்க் கேட்டாரா? வாயைத் திறந்தா?” என்று மூன்று தடவை கேட்டாள். அன்று இரவே சம்மதம் சொல்லிவிட்டாள். விண்ணப்பம் போயிற்று.

அப்புறம் நவம்பர் முழுக்க ஒரு பதிலும் இல்லை. பல் மருத்துவத்துக்கு நான்கு இடங்களில்தான் கேட்க முடியும். முதல் ‘இல்லை’ கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்தது. இரண்டாவது வந்த அன்று, டிராமில் பிளாக்பூல் வரை போய்த் திரும்பி வந்தாள், இறங்கவே இல்லை. நானும் டிக்கெட் கேட்கவில்லை. மூன்றாவது வந்தபோது டோனா வழக்கம்போல, “நம்மள விட மோசமா...” என்று ஆரம்பித்தாளாம். “அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நான்தான் ரொம்ப மோசம்னு இருந்துக்கறேனே” என்று மார்னி சொன்னதும், டோனா பேச்சை நிறுத்தி, மகளைக் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் தான் அழுதுவிட்டாளாம். சொன்னவள் டோனாதான். எங்கள் தெருவில் அது பெரிய முன்னேற்றம்.

நான்காவது இடம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

கம்ப்யூட்டர் திரையில்தான் நேர்காணல். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஆள் வருவார், சில நிமிடம் பேசுவார், போய்விடுவார். மறுநாள் ஏறியதும் ஏறாததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

“என்னடி கேட்டாங்க?”

“எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியில ஒரு அம்மா வந்தாங்க. ‘நீங்க யார்கிட்டயாவது உதவி கேட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்க’ன்னாங்க.”

அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து போய் எடுத்துக்கொள்கிறவள்.

“நீ என்ன சொன்னே?”

“யோசிச்சேன், யோசிச்சேன், ஒண்ணுமே கிடைக்கல ஆன்ட்டி. பொய் சொல்லவும் வரல. ‘நான் கேட்டதே இல்ல. அதனாலதான் எனக்கு பி’ன்னேன்.”

“அடிப்பாவி!”

“அவங்க சிரிச்சாங்க. அப்புறம் அப்பாவைப் பத்திச் சொன்னேன். குறட்டைப் பத்தி, அவரு வாயை மூடிக்கிறதைப் பத்தி. அப்படிப்பட்டவரு எனக்காக ரோட்டுல நின்னு வாயைத் திறந்து கேட்டாருன்னு சொன்னேன். எங்க ஊர்ல பாதிப் பேரு வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால சொல்லாதவங்களையும் பார்த்தாலே எனக்குத் தெரியும், இனிமே வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டேன்னு சொன்னேன்.” மூக்கை உறிஞ்சினாள். “அழுதுட்டேன் ஆன்ட்டி. மன்னிக்கணும்னு வேற நாலு தடவை சொல்லித் தொலைச்சேன்.”

“அவங்க?”

“நேரம் முடிஞ்சுபோச்சு. ஸ்கிரீன் அணைஞ்சிடுச்சு.”

மார்ச்சில் பதில் வந்தது. இடம் உண்டு. பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் ‘ஏ’, கணக்கு ‘பி’ வாங்கினால். அதாவது, நீ சொன்னதை நம்புகிறோம், இப்போது செய்து காட்டு என்கிறார்கள். அது நியாயம்தான்.

அதற்கப்புறம் அவள் படித்த படிப்பைப் பற்றி என்ன சொல்ல? டிராமில் படித்தாள். மீன் கடையில் வினிகர் டப்பாக்களுக்கு நடுவில் படித்தாள். வில்ஃப் அவள் கேள்விகளை எழுதி வைத்திருந்த சீட்டுகளை வாங்கிக் கேள்வி கேட்பார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். “சரியா தப்பான்னு எனக்கெப்படித் தெரியும்? வேகமாச் சொன்னே, அதனால சரி” என்பார். கெமிஸ்ட்ரிப் பரீட்சை அன்று காலை ஏறியவளை நான் வாசலிலேயே நிறுத்தினேன்.

“வாயைத் திற.”

“ஆன்ட்டி!”

“திறடி. எங்கயாவது வலிக்குதா?”

“இல்ல.”

“கொஞ்சமாவது?”

“வலிச்சா சொல்லுவேன் ஆன்ட்டி. சத்தியமா.”

ஆகஸ்டில் முடிவு வரும் நாள் வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்குத் தெரியும். அந்த நேரத்தில் க்ரெய்க்கும் நானும் வண்டியில். விடுப்பு கேட்டிருக்கலாமே என்றால், மற்றவர்களுக்குச் சிரமமாம். கேட்க ஆரம்பித்தவன் ஒரே நாளில் எல்லாம் கேட்டுவிடுவானா என்ன. ஓட்டும்போது போன் தொடக் கூடாது. அதனால் சேதியை என் போனுக்கு அனுப்பச் சொல்லியிருந்தோம். வண்டி நிறைய ஆட்கள். வேலைக்குப் போகிறவர்கள், வாளியும் மண்வெட்டியுமாகக் கடற்கரைக்குப் போகும் பிள்ளைகள், கதவோரம் வில்ஃப்.

போன் நடுங்கியது. பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை பார்த்தேன். பயாலஜி ஏ. கெமிஸ்ட்ரி ஏ. கணக்கு பி. கீழே ஒரு வரி: ‘அப்பாகிட்ட சொல்லுங்க, அந்த பி நிஜமாவே என்னோட பிதான்.’

க்ளீவ்லிஸ் நிறுத்தத்தில் வண்டி நின்றதும் ஓடிப்போய் கேபின் கண்ணாடியில் போனை ஒட்டிப் பிடித்தேன். க்ரெய்க் படித்தான். கதவுகள் மூடவில்லை, வண்டி கிளம்பவில்லை. பின்னால் யாரோ மெல்லக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஒலிபெருக்கி கரகரத்தது. இத்தனை வருடத்தில் அந்த மைக்கை அவன் தொட்டதில்லை. அறிவிப்பெல்லாம் என் வேலை.

“எல்லாருக்கும் காலை வணக்கம். வண்டி ஒரு நிமிஷம் தாமதம். என்... என் பொண்ணுக்குப் பல் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. சிரமத்துக்கு மன்னிக்கணும்.”

எங்கள் ஊர் எப்படி என்று முன்பே சொன்னேன். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். ஆனால் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். இறங்கினவர்கள் எல்லாம் வேண்டுமென்றே முன்பக்கமாகச் சுற்றிப் போய், கேபின் கண்ணாடியைப் பார்த்து ஒரு தலையசைப்பு, ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான். நான்தான் இரண்டு பங்கு கத்தினேன்.

வில்ஃப் மட்டும் எழுந்து தடுமாறிப் போய் கேபின் கதவைத் தட்டினார். “எப்போ பல்லு பார்க்க ஆரம்பிப்பா?”

“படிப்பு அஞ்சு வருஷம் வில்ஃப்.”

“அஞ்சே வருஷமா? இப்போ டாக்டருக்குக் காத்திருக்கிற லிஸ்டை விட சீக்கிரம்தான். முதல் பேரு என்னோடதுன்னு சொல்லு.” வாயை அகலத் திறந்து, மிச்சமிருந்த பற்களை விரலால் தட்டிக் காட்டினார். “அதுவரைக்கும் இதுங்களை விழாமப் பார்த்துக்கிறேன்.”

க்ரெய்க் சிரித்தான். ஒரு கை வண்டியின் கைப்பிடியில் இருந்தது, இன்னொரு கை சும்மா மடியில் கிடந்தது. அதை அவன் தூக்கவே இல்லை. கதவுகளை மூடினான், மணியை அடித்தான், பல் போன இடம் தெரிய பிளாக்பூல் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினான்.